முற்றத்து மண்ணும் அண்டை வீட்டார் ஹக்கும்



வடகிழக்குப் பருவமழை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அதற்கு முன்பாக வீட்டு வேலைகளை முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் கொத்தனாரைத் தேடுகிறோம். டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருபவர்களும் பேச்சுவாக்கில், "வாசல் முழுக்க சிமெண்ட் போடுவதா, பேவர் பிளாக் போடுவதா? எது நல்லது?" என்று கேட்கிறார்கள். கொஞ்சம் இடத்தை மண்ணாகவே விட்டால் என்ன என்று கேட்பவர் மிகக் குறைவு.

சிமெண்ட் போடுபவர்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் சேறு, பூச்சி பொட்டு, பாம்பு பயம். வயதான அத்தா, அம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்ற கவலை. இரண்டு சக்கர வண்டி நிறுத்த இடம். கால் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். ஆனால் நம் முற்றத்தில் விழும் மழைநீர் நமக்கு மட்டும் உரியதா? அதை நாம் எங்கே அனுப்புகிறோம்? அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியவர்களா? இந்த மூன்று கேள்விகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1. ஒரு வீட்டின் மழைக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், மீதியை அவர்களே போட்டுவிடுவார்கள்.

நம் பகுதியில் பலருக்கும் இருப்பது அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனை. இது சுமார் 111 சதுர மீட்டர். இதில் 800 சதுர அடி கட்டடம், 400 சதுர அடி முற்றமும் பக்கவாட்டுச் சந்தும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், மாடியில் விழுவதும் முற்றத்தில் விழுவதுமாகச் சேர்த்து ஏறத்தாழ 5,500 லிட்டர். முற்றம் முழுவதும் சிமெண்ட் போட்டு, மாடிக் குழாயையும் தெருவுக்குத் திருப்பிவிட்டால், இந்த 5,500 லிட்டரும் சில மணி நேரத்தில் தெருவுக்கு வந்துவிடும். தெருவில் அப்படி 40 வீடுகள் இருந்தால் இரண்டு லட்சம் லிட்டரைத் தாண்டும். அது தெருவின் தாழ்வான முனையில் இருக்கும் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

அதே தண்ணீருக்கு இறங்க மண் இருந்தால், ஒரு பகுதி கீழே போகும். மீதியும் மெதுவாக வெளியேறும். வடிகாலுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

2. ஒரே ஊரில் வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நம் பகுதி மறக்காது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. மேலே சொன்ன அரை கிரவுண்ட் மனையில் மட்டும் அன்று சுமார் 54,000 லிட்டர் விழுந்திருக்கும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

நாலு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெள்ளத்தில் மூழ்கிய அதே ஊரில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம்.

இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2015-இல் வந்தது அடையாற்று வெள்ளம். வீட்டுக்கு வீடு குழி தோண்டியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஏரிகளும் கால்வாய்களும் ஆற்றங்கரையும் ஆக்கிரமிப்பின்றி இருந்தால்தான் அப்படிப்பட்ட மழையைச் சமாளிக்க முடியும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரும் சாதாரண மழையில் தெருவில் முழங்கால் அளவு தேங்குகிறதே, கோடையில் கிணறு வற்றுகிறதே, இந்த இரண்டிலும் நம் முற்றத்துக்குப் பங்கு உண்டு.

காரணம் நம் நிலத்தின் அமைப்பு. தாம்பரம், பல்லாவரம் பகுதியில் கொஞ்ச ஆழத்திலேயே சார்னகைட் என்ற கடினமான பாறை வந்துவிடும். பாறைக்குள் தண்ணீர் தேங்குவதில்லை. மேலே உள்ள மண்ணிலும், உதிர்ந்துபோன பாறை அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும்தான் தங்கும். அந்த ஆண்டு மழை அந்த அடுக்கில் இறங்கினால் கிணற்றில் தண்ணீர். இறங்காவிட்டால், போர்வெல்லை எத்தனை நூறு அடி இறக்கினாலும் வெடிப்பில் மிச்சமிருப்பதை உறிஞ்சுகிறோமே தவிர, புதிதாக ஒன்றும் சேராது.

சேர்வதற்கு வழி இல்லாத தண்ணீர் எங்கே போகிறது? கிழக்குத் தாம்பரம் பக்கம் செம்பாக்கம், சிட்லப்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரிநீர் படிப்படியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிப் போகிறது. 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மேற்கே முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. நம் வாசலிலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

3. "என் இடம், என் இஷ்டம்" என்று சொல்லலாமா?

சொந்தச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை ஷரீஅத் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. பிறருக்குத் தீங்கு செய்வதும் இல்லை, பதிலுக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற கருத்திலான நபிமொழி இப்னு மாஜாவிலும் முவத்தாவிலும் பதிவாகியுள்ளது. இந்த ஒரு ஹதீஸிலிருந்து ஃபுகஹாக்கள் எத்தனையோ சட்டங்களை எடுத்திருக்கிறார்கள்.

உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்தில் இதற்குத் தெளிவான விதி உண்டு. ஒருவர் தம் சொத்தில் விரும்பியதைச் செய்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதனால் மற்றவருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் தடுக்கலாம். பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும்படி கழிவுக்குழி வெட்டினால், பாதிப்பைச் சரிசெய்ய வேண்டும். முடியாவிட்டால் குழியையே மூட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு தீர்ப்பு முக்கியமானது. மதீனாவின் மஹ்ஸூர் ஓடையில் யார் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, மேட்டு நிலத்துக்காரர் கணுக்கால் அளவு நிறுத்திக்கொண்டு, பிறகு கீழே இருப்பவருக்கு விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் வருகிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மறக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை. அங்கே பிரச்சினை, மேலே இருப்பவர் தண்ணீரைத் தடுத்துவைப்பது. நம் தெருவில் பிரச்சினை, மேலே இருப்பவர் தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவது. இரண்டிலும் பாதிக்கப்படுபவர் கீழே இருப்பவர்தான்.

கூரைத் தண்ணீரைப் பற்றியே ஒரு சம்பவம் முஸ்னத் அஹ்மதில் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை உமர் (ரலி) அவர்கள் உடை உடுத்தி ஜும்ஆவுக்குப் போகும் வழியில், அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைக் குழாயிலிருந்து, அங்கே அறுத்த கோழிக்குஞ்சுகளின் இரத்தம் கலந்த தண்ணீர் அவர்கள் மீது விழுந்தது. குழாயை அகற்றச் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் வேறு உடை மாற்றி வந்து தொழவைத்தார்கள். பிறகு அப்பாஸ் (ரலி), அந்த இடத்தில் அதை வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என்று தெரிவித்தபோது, உமர் (ரலி) தம் முதுகின் மேல் ஏறி நின்று அதே இடத்தில் பொருத்தும்படி அவரிடம் வலியுறுத்தினார்கள். ஒரு வீட்டுக் குழாய் வழிப்போக்கருக்குத் தொல்லை தந்தால், அது கலீஃபா கவனிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்று தெரிந்ததும் அந்த உரிமையும் காப்பாற்றப்பட்டது. வழிப்போக்கர், வீட்டுக்காரர் ஆகிய இருவர் ஹக்கையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நமக்குப் பாடம்.

4. ஒரு தெருவில் ஏற்பட்ட சமரசம்

மேற்குத் தாம்பரத்தை அடுத்த ஒரு தெருவில் இரண்டு வீடுகள். தெருவில் சாலை போடப்போட மட்டம் உயர்ந்துகொண்டே வந்தது. மேல் பக்கத்து வீட்டுக்காரர் தம் முற்றத்தில் இரண்டடி மண் கொட்டி உயர்த்தி, சுவருக்குச் சுவர் டைல்ஸ் பதித்துவிட்டார். கீழ்ப் பக்கத்துப் பழைய வீட்டில் கணவரை இழந்த ஒரு மூத்தம்மா, மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். அந்த ஆண்டு முதல் மழையிலேயே அவர் சமையலறைக்குள் தண்ணீர் வந்தது. அரிசி மூட்டை நனைந்தது. பேச்சு முற்றி, இரண்டு வீட்டுக்கும் இடையே ஸலாம் நின்றுபோனது. பெருநாள் அன்றும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகவில்லை.

ஜமாஅத் பெரியவர் ஒருவரும் ஒரு கொத்தனாருமாகப் போய்ப் பார்த்தோம். மேல் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்தவர் அல்ல. அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பயத்தில்தான் உயர்த்தினார். "என் வீட்டைக் காப்பாற்றுவது தப்பா பாய்?" என்று கேட்டார். தப்பில்லை என்றோம். உயர்த்தியது உங்கள் உரிமை, ஆனால் உங்கள் முற்றத்துத் தண்ணீர் அவர் சுவரில் போய் மோதாமல் பார்ப்பது அவர் ஹக்கு என்று பெரியவர் எடுத்துச் சொன்னார்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: பொதுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு டைல்ஸை எடுத்துவிட்டு மண்ணாக விடுவது, கேட்டை ஒட்டி ஓர் உறை இறக்கி மாடித் தண்ணீரை அதில் விடுவது, மூத்தம்மா வீட்டு வாசலில் ஒரு சிறு தடுப்புப் படி கட்டுவது. படிக்கான செலவையும் மேல் வீட்டுக்காரரே ஏற்றுக்கொண்டார். அடுத்த மழையில் தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்தது. ஆனால் சமையலறைக்குள் வரவில்லை. எடுத்த மண் பட்டையில் இப்போது கறிவேப்பிலையும் மருதாணியும் நிற்கின்றன. மருதாணி பறிக்க அந்த வீட்டுப் பேத்திகள் கேட்காமலே உள்ளே போகிறார்கள்.

5. இந்த மழைக்கு முன் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழிகளில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. சிலவற்றின் மேல் டைல்ஸே வந்துவிட்டது. சுவரில் குழாய் மட்டும் இருக்கிறது; அது எங்கே போகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, இருக்கும் குழியைத் தேடிக் கண்டுபிடித்துத் திறங்கள். மேலே உள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்து அலசி மீண்டும் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, குழி இல்லாதவர்கள் மூன்றடி அகலத்தில் ஓர் உறை கிணறு இறக்கலாம். ஆழத்தை நம் மண் முடிவு செய்யும். தாம்பரம் பக்கம் பாறை தட்டும் வரை போகலாம். மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் மேலே களிமண் இருந்தால், அதைத் தாண்டி இறக்கினால்தான் தண்ணீர் உறிஞ்சும். இல்லையென்றால் குழி தொட்டியாகிவிடும். கடற்கரை ஓர மணலில் சாதாரணக் குழியே போதும். வீட்டில் பழைய கிணறு இருந்தால் மூடிவிடாதீர்கள். மாடித் தண்ணீரை மணல், ஜல்லி வடிகட்டி வழியாக அதில் விடுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. முதல் மழையில் மாடித் தூசி வரும், அதை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கேட்டுக்கு உட்புறம் குறுக்கே ஒரு சிறு கால்வாய் வெட்டி, ஓட்டைப் பலகை மூடி, குழியோடு இணைத்தால் முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகுமுன் பிடித்துவிடலாம். ஆனால் முற்றத்துத் தண்ணீரை நேராகப் போர்வெல்லுக்குள் விடக் கூடாது. வண்டி எண்ணெயும் சேறும் அடியிலிருக்கும் நீரையே கெடுத்துவிடும்.

நான்காவது, தளம் போட்டே ஆக வேண்டும் என்றால், நடக்கவும் வண்டி நிறுத்தவும் தேவையான அளவுக்கு மட்டும் போடுங்கள். பேவர் பிளாக் என்றால் மணல் படுகையில் இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். அடியில் காங்கிரீட் போட்டு, இடுக்கில் சிமெண்ட் பூசினால் அதற்கும் சிமெண்ட் தரைக்கும் வித்தியாசமில்லை. சுவர் ஓரத்திலும் மரத்தைச் சுற்றியும் மண் விடுங்கள்.

ஐந்தாவது, பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசுகின்றன. நிறம், சுவை, வாடை மாறுகிறதா என்பதை அவை அளவுகோலாக வைத்தன. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளையும் அறிந்த நாம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மழைநீர்க் குழியும் செப்டிக் டேங்கும் மனையின் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். சோப்புத் தண்ணீரையும் கழிவறைத் தண்ணீரையும் மழைநீர்க் குழியில் விடவே கூடாது. குர்பானி நாளில் இரத்தத்தைக் கழுவித் தெருக் கால்வாயில் தள்ளுவதும் அண்டை வீட்டாருக்கு இழைக்கும் தொல்லையே.

6. மரம், சருகு, கொசு

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அதனால் மரமே வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. அடிமரம் வரை சிமெண்ட் பூசினால் வேர் எங்கே பரவும்? இடம் உள்ளவர்கள் வேம்பு, புங்கை வைக்கலாம். குறுகிய இடத்தில் முருங்கை, எலுமிச்சை, மாதுளை, மருதாணி போதும். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற கருத்திலான ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முருங்கையை அணில் தின்றாலும் நமக்குக் கணக்கில் உண்டு.

சருகை எரிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் வீசிங் உள்ள பிள்ளை இருக்கும். திடக்கழிவு விதிகளின்படியும் குப்பை எரிப்பது தடைசெய்யப்பட்டது. மூலையில் ஒரு குழியில் போட்டு மண் தூவினால் சில மாதங்களில் உரமாகிவிடும்.

டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில் வளர்வது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். ஆகவே வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலை என்றே வைத்துக்கொள்ளலாம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்த் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். மழைநீர்க் குழிக்கும் சம்புக்கும் மூடியும் கொசுவலையும் அவசியம்.

உளூச் செய்த தண்ணீரையும் வீணாக்க வேண்டாம். அதைக் கொண்டு மீண்டும் உளூச் செய்ய முடியாதே தவிர, செடிக்கு ஊற்றத் தடையில்லை. குழாயை முழுவதும் திறந்துவிட்டு உளூச் செய்தால் ஒருவருக்கே பத்து லிட்டருக்கு மேல் போய்விடும். நபி (ஸல்) அவர்களோ ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகள் சேர்ந்து அள்ளும் அளவுத் தண்ணீரில் உளூச் செய்திருக்கிறார்கள்.

7. குடும்பத்தோடு பேசிப் பார்க்க

மஃரிபுக்குப் பிறகு ஒருநாள் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

• நம் மாடித் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்கி எங்கே போகிறது? பிள்ளைகளே போய்ப் பார்த்துச் சொல்லட்டும்.
• நம் முற்றத்தில் மண் எத்தனை சதுர அடி மிச்சமிருக்கிறது?
• நம் தெருவில் மிகத் தாழ்வான வீடு யாருடையது? மழை நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறோமா? அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டார் என்ற ஹக்கு அவர்களுக்கு உண்டு.
• எடுக்கக்கூடிய டைல்ஸ் எவை? யார், எந்த வாரம் எடுப்பது?

ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். அந்த வசதி நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் நம் வீட்டுக் குழியில் இறங்கும் தண்ணீர் நம் கிணற்றோடு நிற்பதில்லை. யார் வீட்டுக் கிணற்றிலோ அது ஊறும், யாரோ தாகம் தீர்ப்பார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இரவில் நம்மில் பலரும் ஓதும் அல்முல்க் அத்தியாயத்தின் கடைசி வசனம், நம் தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போய்விட்டால் ஓடும் நீரை நமக்குக் கொண்டுவருபவர் யார் என்று கேட்கிறது. 2019-இல் அந்தக் கேள்வியின் பாரத்தை நாம் கண்ணால் பார்த்தோம். தண்ணீரைத் தருபவன் அவன் ஒருவனே. அவன் இறக்கித் தருவதை மண்ணுக்குள் போக விடுவது நம் பொறுப்பு.

மழையை ரஹ்மத்தாக ஆக்கி, அதனால் நம் வீட்டுக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்மையைத் தந்து, தீங்கிலிருந்து நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.